வாள் வகுத்த வாரிசு!

தமிழகத்தின் வரைபடத்தை விரித்து, காவிரி கடலோடு கலக்கும் கிழக்குக் கரையின்மீது கண்ணை ஓட்டுவோம். வடக்கே மயிலாடுதுறை மாவட்டம். தெற்கே நாகப்பட்டினம் மாவட்டம். இரண்டுக்கும் நடுவே வேறு நிறம் தீட்டப்பட்ட சிறு துண்டு நிலம் ஒன்று தெரியும். அதுதான் காரைக்கால்.

பேசும் மொழி ஒன்றே. உழும் மண் ஒன்றே. அரசலாறும் திருமலைராயன் ஆறும் எல்லைக் கல்லைக் கண்டு நின்றுவிடுவதில்லை; தஞ்சைத் தரணியை நனைத்த அதே நீர்தான் நெடுங்காட்டையும் நிரவியையும் நனைத்துக் கடலுக்குப் போகிறது. ஆயினும் ஆட்சி வேறு! கூப்பிடு தூரத்து ஊர் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. காரைக்காலோ நெடுந்தொலைவில் உள்ள புதுச்சேரியோடு பிணைக்கப்பட்டது.

இந்தக் கோட்டைக் கிழித்தவர் யார்? மலை கிழித்ததா? இல்லை, அங்கே மலையே இல்லை. மொழி கிழித்ததா? இல்லை. மக்கள் கூடி முடிவு செய்தார்களா? அதுவும் இல்லை. தஞ்சை அரண்மனையில் மூண்ட ஒரு பங்காளிச் சண்டை கிழித்தது! அந்தச் சண்டையில் கூலிக்கும் கொள்ளைக்கும் வாள் வீசிய படைத்தலைவர்கள் கிழித்தார்கள்!

தூப்ளேயின் திறமையையும் கிளைவின் துணிவையும் பக்கம் பக்கமாக எழுதினர் பாடநூல் ஆசிரியர்கள். கடல் கடந்து வந்தவன் கதவை உடைத்துக்கொண்டு நுழைந்தான் என்றே நாம் எண்ணும்படி எழுதினர். கதவு உள்ளேயிருந்து திறக்கப்பட்டது என்பதை விளக்கி எழுதியோர் குறைவு. திறந்தவர் எவர், எதற்காகத் திறந்தார், அதற்கு விலை கொடுத்தவர் யார் என்பதைத்தான் இங்கே காண்போம்.

படைத்தலைவரே மன்னரான கதை

தஞ்சையில் மராட்டியர் ஆட்சி எப்படி முளைத்தது? அதுவே ஒரு வாரிசுச் சண்டையின் விளைவுதான். 1673-ல் மதுரைச் சொக்கநாத நாயக்கர் தஞ்சை நாயக்கர் அரசை வீழ்த்தி, அளகிரி என்பவரை அங்கே அமர்த்தினார். அமர்த்தப்பட்டவர் விரைவிலேயே தனியாட்சி செலுத்தத் தலைப்பட்டார். அவரிடம் எதிர்பார்த்த பதவி கிட்டாத இராயசம் வெங்கண்ணா, தஞ்சை நாயக்கர் குலத்தின் பிள்ளை என்று செங்கமலதாசர் என்ற இளைஞரை முன்னிறுத்தி, பீசப்பூர் சுல்தானின் உதவியை நாடினார். சுல்தான் ஒரு தளபதியை அனுப்பினார். அவர் பெயர் ஏகோஜி. மராட்டிய மன்னர் சிவாஜியின் மாற்றாந்தாய் மகன்.

தளபதி வந்தார், வென்றார், இளைஞரை அரியணையில் ஏற்றினார். பிறகு 1676-ல் அவரை இறக்கிவிட்டுத் தாமே ஏறி அமர்ந்துகொண்டார்!

நேற்று வரை சுல்தானிடம் சம்பளம் வாங்கிய படைத்தலைவர். இன்று தஞ்சை மாமன்னர். நாளை அவர் மகன் பிறக்கும்போதே இளவரசன். மறுநாள் அரச குலத்துக்கென்றே தனி இரத்தம் ஓடுகிறது என்று பாடப் புலவர்கள், வாழ்த்தப் புரோகிதர்கள், வணங்க மக்கள்! அரச பரம்பரை என்னும் ஆலமரத்தின் அடிவேரைத் தோண்டிப் பார்த்தால், அங்கே ஒரு வாள் புதைந்து கிடப்பதைக் காண்கிறோம்.

கோட்டைத் தலைவரின் கைப்பொம்மைகள்

ஏகோஜியின் மைந்தர் மூவர் ஒருவர்பின் ஒருவராக ஆண்டனர். மூன்றாமவரான துக்கோஜி 1736-ல் மறைந்தார். அன்றைக்குத் தொடங்கியது குழப்பம். மூன்றே ஆண்டுகளில் தஞ்சை அரியணை நான்கு பேரைக் கண்டது.

முதலில் துக்கோஜியின் மகன் இரண்டாம் ஏகோஜி. ஓராண்டுக்குள் அவர் இறந்தார். பின்னர் அவருடைய மனைவி சுஜான் பாய் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். அவரும் நிலைக்கவில்லை. மூன்றாவதாக ஷாஜி என்பவர். நான்காவதாக 1739-ல் பிரதாப சிங்.

அரியணையில் ஆள் மாறிக்கொண்டே இருந்தது. மாறாமல் இருந்தவர் ஒருவர்: சையத் கான். அவர் கில்லேதார், அதாவது தஞ்சைக் கோட்டையின் படைத்தலைவர். கோட்டைச் சாவி அவர் இடுப்பில் இருந்தது. காவற்படை அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டது. ஆகவே மணிமுடியும் அவர் மடியில் இருந்தது.

ஷாஜியின் கதையைச் சற்று நின்று பார்ப்போம். அவர் துக்கோஜிக்கு முன் ஆண்ட சரபோஜியின் மகன் என்று ஒரு சாரார் சொன்னார்கள். குழந்தைப் பருவத்தில் உயிருக்கு அஞ்சி மறைத்து வளர்க்கப்பட்டவர் என்றார்கள். மற்றொரு சாரார், அவர் அரச மகனே அல்லர், அரண்மனைப் பணிப்பெண்ணின் பிள்ளை என்றார்கள். 'காட்டுராஜா' என்று பெயரும் வைத்தார்கள். கோயாஜி காட்கே என்பவர் அவரை முன்னிறுத்தினார்; சையத் கானின் கை அசைந்தது; ஐயத்துக்குரிய பிள்ளை ஐயமற்ற அரசரானார். பின்னர் அதே கை மறுபுறம் அசைந்தது. அரசர் மீண்டும் ஐயத்துக்குரிய பிள்ளையாகி ஓடினார்!

அடுத்து வந்த பிரதாப சிங்கின் உரிமை என்ன? அவர் துக்கோஜியின் மகன்தான். ஆனால் முறைப்படி மணந்த பட்டத்தரசியின் மகனல்லர். அரண்மனைச் சட்டப்படி அவருக்கும் உரிமை கிடையாது. நாம் அவருடைய தாயையும் இகழவில்லை, ஷாஜியின் தாயையும் இகழவில்லை. எந்தத் தாயின் வயிற்றில் பிறந்தாலும் பிள்ளை பிள்ளைதான். நாம் கேட்பது வேறு: பணிப்பெண்ணின் மகன் என்று பழித்து ஒருவரைத் துரத்திய அதே சபை, மணவாத மனைவியின் மகனை மாலையிட்டு வரவேற்றதே, அப்போது சட்டம் எங்கே ஒளிந்திருந்தது? பிறப்பு உரிமை என்று பேசியதெல்லாம் வாய்; முடிவு செய்ததோ வாள்.

முடி சூட்டியவரின் முடிவும் இனிதாக இல்லை. அரசர்களை ஆக்கவும் அழிக்கவும் வல்ல ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு எந்த அரசர் உறங்க முடியும்? காலம் பார்த்திருந்த பிரதாப சிங், சையத் கானைத் தீர்த்துக் கட்டினார்.

பட்டயத்தில் ஒரு பட்டினம்

இனிக் காரைக்காலுக்கு வருவோம்.

1738-ல் அரியணை ஆட்டம் கண்ட ஷாஜி, கொள்ளிடத்தைக் கடந்து சிதம்பரத்தில் தஞ்சம் புகுந்தார். அங்கிருந்து புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனியின் ஆளுநராக இருந்த துமாவுக்குத் தூது விட்டார். பணமும் படைக்கலமும் தாருங்கள். காரைக்காலையும் கருக்களாச்சேரிக் கோட்டையையும் சுற்றியுள்ள ஊர்களையும் தருகிறேன் என்றார். துமா மகிழ்ந்தார். நெல் விளையும் வயல், நெசவாளர் வாழும் ஊர்கள், கப்பல் அணையும் கரை, இவற்றைத்தான் கம்பெனி தேடிக்கொண்டிருந்தது.

ஆனால் ஷாஜி மீண்டும் அரியணை ஏறியதும் பேச்சு மாறியது. நாகப்பட்டினத்தில் இருந்த டச்சுக்காரர்கள், தங்கள் வாசலுக்கு அருகே வேறொரு கடை திறப்பதை விரும்புவார்களா? அவர்கள் ஒரு பக்கம் இழுத்தார்கள். மன்னர் கொடுத்த வாக்கைத் தள்ளிப்போட்டார்.

அப்போது அரங்கேறினார் சந்தா சாகிப். ஆர்க்காட்டு நவாபு தோஸ்த் அலியின் மருமகன், பெரும்படைக்குத் தலைவர். திருச்சியில் விசயரங்க சொக்கநாதரின் மனைவி மீனாட்சிக்கும், அவரை எதிர்த்த பங்காரு திருமலைக்கும் நடந்த வாரிசுச் சண்டையில் நடுவராக நுழைந்தவர் இவர். மீனாட்சியைக் காப்பதாக ஆணையிட்டு, பின்னர் கோட்டையைத் தமதாக்கிக் கொண்டார் என்பது வழிவழிச் செய்தி. திருச்சியை விழுங்கிய வாய் தஞ்சையையும் நோக்கித் திறந்திருந்தது. பிரெஞ்சுக்காரரின் நட்பு அவருக்குத் தேவைப்பட்டது. 'மன்னர் தர மறுக்கும் ஊரை நான் பிடித்துத் தருகிறேன்' என்று முன்வந்தார்.

அவருடைய பணியில் பெரைரோ என்ற ஐரோப்பியர் ஒருவர் இருந்தார். அவர் குதிரைப் படையோடு புறப்பட்டார். கருக்களாச்சேரிக் கோட்டையும் காரைக்காலும் கைப்பற்றப்பட்டன. 1739 பிப்ரவரி 14-ஆம் நாள் பிரெஞ்சுக் கொடி ஏறியது.

நிலம் தஞ்சையுடையது, எழுதிக் கொடுத்தவர் அரியணை நடுங்கிய அரசர், பிடித்தது ஆர்க்காட்டுப் படை, படையை நடத்தியவர் ஐரோப்பியக் கூலித் தலைவர், பெற்றுக்கொண்டது பாரிசில் பங்கு விற்ற வணிகக் கம்பெனி. இவ்வளவு பேர் கலந்து செய்த காரியத்தில் கலக்காதவர் யார்? காரைக்காலின் உழவர், நெசவாளர், மீனவர்! களத்தில் நெல் தூற்றிக் கொண்டிருந்தவனுக்கு, தான் இனி யாருடைய குடி என்பது தண்டல்காரன் வந்து சொன்ன பிறகுதான் தெரிந்திருக்கும்.

இரண்டு கம்பெனிகள், ஒரே வித்தை

பத்தாண்டுகள் கழிந்தன. அரியணை இழந்த ஷாஜி இன்னும் உயிரோடு இருந்தார். பிரெஞ்சுக்காரர் கைவிட்ட பின் அவர் யாரிடம் போவார்? ஆங்கிலேயரிடம் போனார். 1749-ல் கடலூருக்கு அருகே தேவனாம்பட்டினத்தில் இருந்த புனித டேவிட் கோட்டையின் கதவைத் தட்டினார். உங்களை அரியணையில் ஏற்றுகிறோம். கொள்ளிடத்தின் முகத்துவாரத்தில் உள்ள தேவிக்கோட்டையை எங்களுக்குத் தாருங்கள் என்றது கம்பெனி.

முதற்படை தோற்றுத் திரும்பியது. மேஜர் லாரன்சு தலைமையில் இரண்டாம் படை சென்று கோட்டையைப் பிடித்தது. அந்த முற்றுகையில் இளம் படையதிகாரியாகப் போரிட்டவர்தான் இராபர்ட் கிளைவ். கோட்டை கிடைத்தது. ஷாஜிக்கு அரியணை? அது கிடைக்கவில்லை. கம்பெனி பிரதாப சிங்கோடு உடன்பாடு செய்துகொண்டது. தேவிக்கோட்டை கம்பெனிக்கு, ஷாஜிக்கு ஆண்டுக்கு 4000 ரூபாய் உதவித்தொகை, அவர் இனித் தொல்லை தராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கம்பெனிக்கு. உரிமைக்காகப் போரிட வந்த நண்பர்கள், உரிமைக்காரரையே காவலில் வைத்துக் கணக்கை முடித்தார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்டு 3-ஆம் நாள் ஆம்பூரில் மற்றொரு பங்காளிப் போர் வெடித்தது. ஆர்க்காட்டு நவாபு அன்வருதீன் கொல்லப்பட்டார். சந்தா சாகிப் நவாபு என்று அறிவித்துக்கொண்டார். அன்வருதீனின் மகன் முகமது அலி திருச்சிக்கு ஓடினார். பிரெஞ்சுக்காரர் சந்தா சாகிப் பக்கம். ஆங்கிலேயர் முகமது அலி பக்கம். கருநாடகப் போர் என்று நூல்கள் குறிப்பிடும் இது, உண்மையில் இரண்டு நவாபுக் குடும்பங்களின் சண்டைக்கு இரண்டு கம்பெனிகள் முதல் போட்ட உள்நாட்டுப் போர்.

போருக்குப் பணம் வேண்டும். ஆகவே 1749-ன் இறுதியில் சந்தா சாகிப் பிரெஞ்சுத் துணைப்படையோடு தஞ்சையைச் சூழ்ந்துகொண்டார். பீரங்கிகள் முழங்கின. பிரதாப சிங் பேரம் பேசினார், காலம் கடத்தினார், இறுதியில் பணிந்தார். டிசம்பர் 31-ஆம் நாள் உடன்பாடு எழுதப்பட்டது. சந்தா சாகிப்புக்கு 70 இலட்சம் ரூபாய். பிரெஞ்சுக்காரருக்கோ காரைக்காலைச் சூழ்ந்த 81 ஊர்கள்; அத்துடன் அவர்கள் ஆண்டுதோறும் தஞ்சைக்குச் செலுத்தி வந்த நிலவாடகையும் தள்ளுபடி!

இன்று வரைபடத்தில் நாம் காணும் காரைக்காலின் வடிவம் பெருமளவுக்கு அந்த நாளில் வரைந்ததுதான். ஏரால் வரைந்த எல்லை அன்று. பீரங்கி வாயால் வரைந்த எல்லை.

ஆணை என்ன ஆயிற்று?

காரைக்காலைப் பிடித்துக் கொடுத்த சந்தா சாகிப்பின் முடிவு, தஞ்சைப் படைத்தலைவர் ஒருவரின் கையிலேயே இருந்தது. அவர் பெயர் மானோஜி அப்பா.

1752. திருச்சியை முற்றுகையிட்ட பிரெஞ்சுப் படை, தானே திருவரங்கத் தீவில் முற்றுகைக்கு உள்ளாயிற்று. சூழ்ந்து நின்றவை ஆங்கிலேயர், மைசூரார், மராட்டியர், தஞ்சையார் என நான்கு படைகள். தப்ப வழியில்லை என்று கண்ட சந்தா சாகிப், நால்வரில் தஞ்சைத் தளபதியைத் தேர்ந்தெடுத்து அவரிடம் சரணடைந்தார். பணமும் கைமாறியது. அவரைப் பத்திரமாக வெளியேற்றுவதாக மானோஜி தம் வாளின்மீதும் குத்துவாளின்மீதும் ஆணையிட்டார் என்று கம்பெனியார் எழுதிய வரலாறு கூறுகிறது.

கைதி வந்து சேர்ந்ததும் கூட்டாளிகளுக்குள் சண்டை. எனக்குக் கொடு, எனக்குக் கொடு என்று ஒவ்வொருவரும் கேட்டனர். எவரிடம் கொடுத்தாலும் மற்றவர் பகை. மானோஜி சிக்கலை எளிதாகத் தீர்த்தார்: கைதியின் தலையை வெட்டச் செய்தார். அது முகமது அலிக்கு அனுப்பப்பட்டது.

திருச்சியில் மீனாட்சிக்குக் கொடுத்த ஆணை காற்றில் போயிற்று. திருவரங்கத்தில் சந்தா சாகிப்புக்குக் கொடுத்த ஆணையும் காற்றில் போயிற்று. ஆணையிட்ட வாய்கள் வேறு மதங்களைச் சேர்ந்தவை. மீறிய முறை ஒன்றே. கடவுளைச் சாட்சி வைத்தாலும் வாளைச் சாட்சி வைத்தாலும், நலன் மாறியதும் சாட்சி மறந்துபோகிறது.

மானோஜியை மட்டும் குறைகூறி நாம் நிறைவடைய முடியாது. அவரும் ஓர் இயந்திரத்தின் உறுப்பே. அடுத்த ஆண்டு அரண்மனைச் சூழ்ச்சியால் அவரே பதவி இழந்தார். 1754-ல் மீண்டும் அழைக்கப்பட்டார். திறமைக்குப் பதவி என்றில்லாமல், அன்றைய அமைச்சர் யார், அவர் யாரிடம் கையூட்டு வாங்கினார் என்பதைப் பொறுத்தே தளபதியின் வாழ்வும் தாழ்வும் அமைந்தன.

பாக்கி கேட்டு வந்த பீரங்கி

1749-ல் எழுதிக் கொடுத்த 70 இலட்சம் முழுவதும் கட்டப்படவில்லை. பாக்கி நின்றது. அந்தப் பாக்கிச் சீட்டு பிரெஞ்சுக்காரரிடம் பத்திரமாக இருந்தது. 1758-ல் லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி அதைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்பட்டார். புனித டேவிட் கோட்டையைப் பிடித்தபோது, 1749-ல் ஆங்கிலேயர் ஆதரித்த அந்தப் பழைய அரியணைப் போட்டியாளரின் உறவினர் ஒருவர் அங்கே சிறையில் இருப்பதைக் கண்டார். உடனே அவரையும் கூட்டிக்கொண்டார். பணம் தராவிட்டால் 'உரிமையுள்ள' அரசரை ஏற்றிவிடுவோம் என்று மிரட்டலாமல்லவா? பழைய சீட்டு ஒரு கையில், பழைய வாரிசு மறுகையில்!

காரைக்கால் அவருடைய தளம் ஆயிற்று. படைக்கு உணவில்லை. ஆகவே ஊர்கள் சூறையாடப்பட்டன. நாகூர் கொள்ளையிடப்பட்டது. கீழ்வேளூரில் புதையல் தேடிக் கோயில் குளங்களைத் துழாவினர். ஒற்றர்கள் என்று ஐயுற்று, கோயில் பணியிலிருந்த பார்ப்பனர் அறுவரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டுக் கொன்றனர். கொல்லப்பட்டவர் எச்சாதி என்று பார்த்து வருந்துவது நம் வழக்கமன்று. குற்றம் காட்டாமல், விசாரணை இல்லாமல் மனிதரைச் சிதறடித்தது கொடுமையிலும் கொடுமை. புதையலும் கிடைக்கவில்லை.

தஞ்சை முற்றுகை தோற்றது. மானோஜியின் படை கோட்டையிலிருந்து பாய்ந்து தாக்கியது. ஆகஸ்டு மாதத்தில் பசியோடும் தாகத்தோடும் லாலியின் படை காரைக்காலுக்குத் திரும்பியது. 1760 ஏப்ரலில் காரைக்கால் ஆங்கிலேயர் வசமாயிற்று. பின்னர் 1763-ன் பாரிசு உடன்படிக்கையால் பிரெஞ்சுக்காரருக்கே திரும்பியது. மீண்டும் 1778-ல் ஆங்கிலேயர், மீண்டும் பிரெஞ்சுக்காரர், மீண்டும் 1793-ல் ஆங்கிலேயர், 1817-ல் மறுபடி பிரெஞ்சுக்காரர். ஐரோப்பாவில் இரு நாடுகள் சண்டையிட்டால் காவிரிக் கரையில் கொடி மாறியது. அங்கே கைகுலுக்கினால் இங்கே மறுபடி மாறியது. பந்து உதைபட்டது, உதைத்தவர்கள் பந்தின் வலியைப் பதிவு செய்யவில்லை.

பனையூர்ப் பிள்ளை

இத்தனை தளபதிகளில் நம் சிற்றூர் மண்ணில் பிறந்தவர் ஒருவர்கூட இல்லையா என்று இளைஞர்கள் கேட்கலாம். கருநாடகப் போரில் ஒருவர் இருந்தார்; அவர் பெரியவராகவும் இருந்தார்.

இராமநாதபுரம் சீமையில் பனையூர். அங்கே வேளாளர் குடியில் மருதநாயகமாகப் பிறந்து, இசுலாத்தைத் தழுவியவர் யூசுபு கான் என்பது மரபு. பட்டம் இல்லை, பரம்பரை இல்லை. சிப்பாயாகத் தொடங்கினார். திருச்சி முற்றுகையில் அவர் காட்டிய ஆற்றலைக் கண்ட லாரன்சு அவரை உயர்த்தினார்; கம்பெனியின் சிப்பாய்ப் படைகளுக்கே தலைவரானார். 1758-59-ல் லாலி சென்னையை முற்றுகையிட்டபோது, வெளியிலிருந்து அந்தப் படையை அலைக்கழித்தவர்களுள் அவரும் ஒருவர். பின்னர் மதுரைச் சீமையின் ஆட்சிப் பொறுப்பு அவரிடம் வந்தது.

ஆற்றல் பிறப்பில் இல்லை. பயிற்சியிலும் வாய்ப்பிலும் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? வேட்டி கட்டிய சிற்றூர்ப் பிள்ளை, ஐரோப்பிய அதிகாரிகள் வியக்கும் தளபதியாக உயர்ந்தார்.

ஆனால் முடிவு? கருவியாக இருந்தவரை கம்பெனி பாராட்டியது. நவாபுக்கும் கம்பெனிக்கும் கட்டுப்படாமல் தம் கால்களில் நிற்க முயன்றதும், அதே கம்பெனி படை திரட்டி வந்தது. 1763-ல் அவர் பிரெஞ்சுக் கொடியை உயர்த்தினார். அக்கொடிக்குரியவர்களோ அந்த ஆண்டே பாரிசில் சமாதானம் செய்துகொண்டார்கள். உடனிருந்தோரே அவரைப் பிடித்துக் கொடுத்தனர். 1764 அக்டோபர் 15-ஆம் நாள் மதுரையில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

பிறருடைய பங்காளிச் சண்டையில் உயிரைக் கொடுத்து உழைத்தவர், தமக்கென ஒரு பங்கு கேட்டபோது கயிறு கிடைத்தது. சையத் கானுக்குக் கிடைத்தது எதுவோ, சந்தா சாகிப்புக்குக் கிடைத்தது எதுவோ, அதுவேதான் அவருக்கும் கிடைத்தது.

சாத்திரம் பேசிய இரு குரல்

வாள் ஓய்ந்த பிறகாவது வாரிசுச் சண்டை ஓய்ந்ததா? இல்லை, ஏடு எடுத்து வந்தது. பிரதாப சிங்கின் மகன் துளஜா 1787-ல் இறக்கும் தறுவாயில் சரபோஜி என்ற சிறுவரைத் தத்து எடுத்தார். தத்து செல்லுமா? சென்னை ஆளுநர் பண்டிதர்களைக் கேட்டார். சாத்திரப்படி செல்லாது என்றனர். துளஜாவின் தம்பி அமர்சிங் அரசரானார். சில ஆண்டுகளில் கம்பெனிக்கு அவரைப் பிடிக்காமல் போயிற்று. மீண்டும் பண்டிதர்கள் கேட்கப்பட்டனர், இம்முறை வேறு பண்டிதர்கள். சாத்திரப்படி செல்லும் என்றனர்! 1798-ல் சரபோஜி அரசரானார். மறு ஆண்டே நாட்டின் ஆட்சியைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார்.

1787-ல் செல்லாதது 1798-ல் செல்லுபடியாயிற்று. சாத்திரம் மாறவில்லை, கேட்டவரின் தேவை மாறியது. பாட்டனார் காலத்தில் ஷாஜி கொடுத்த விலை காரைக்கால். பேரனார் காலத்தில் கொடுத்த விலை நாடே!

சரபோஜி நூல்களைச் சேர்த்தவர், கல்வியை மதித்தவர். அவருடைய நூலகத்தை நாம் போற்றுகிறோம். அவரே 1803-ல் தம் குலவரலாற்றைத் தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் மராட்டியில் பொறிக்கச் செய்தார். அதில் ஷாஜி போலி என்றும் பிரதாப சிங் மரபே உரிய மரபு என்றும் காண்கிறோம். வியப்பில்லை. வென்ற கிளைக்குத்தானே சுவரும் உளியும் கிடைக்கும்? ஷாஜி வென்றிருந்தால், அதே சுவரில் வேறு வரிகள் இருந்திருக்கும். கல்லில் எழுதியதாலேயே ஒன்று மெய்யாகிவிடாது. எழுதியவர் யார் என்று கேட்பதே வரலாற்றின் முதற்பாடம்.

1855-ல் கடைசி மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தார். மகள் இருந்தும் மரபை ஏற்க மறுத்துக் கம்பெனி கதையை முடித்தது. எந்த வாரிசுப் பேச்சால் அரியணையை ஆட்டினார்களோ, அந்த வாரிசுப் பேச்சாலேயே அரியணையைத் தூக்கிச் சென்றார்கள்.

மக்கள் பட்ட பாடு

மன்னர்களுக்கு உதவித்தொகை கிடைத்தது. தளபதிகளுக்குக் கொள்ளை கிடைத்தது. பிறகு கொலை கிடைத்தது. மக்களுக்கு?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதே காரைக்கால் துறைமுகத்திலிருந்து கப்பல்கள் புறப்பட்டன. அவற்றில் துணியும் அரிசியும் மட்டும் போகவில்லை, மனிதர்களும் போனார்கள். பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848-ல் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்ட முதலாளிகள் புதிய கைகளைத் தேடினார்கள். 1861-ல் ஆங்கில அரசும் இசைந்து உடன்படிக்கை செய்தது. ரியூனியனுக்கும், மார்த்தினீக்குக்கும், குவாதலூப்புக்கும் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் ஏற்றப்பட்டனர். சோறுடைத்த சோழவளநாட்டின் வாசலில் நின்று, சோற்றுக்காகக் கடல் கடந்தனர் தமிழர்! அவர்கள் ஏறிய துறையைப் பிறருக்கு எழுதிக் கொடுத்தவர், தம் பெயருக்குமுன் 'மகாராசா' என்று போட்டுக்கொண்டவர்.

1954 அக்டோபர் 18-ஆம் நாள் புதுச்சேரியை அடுத்த கீழூரில், புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் மக்கள் பேராளர்கள் கூடினர். 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைவதை ஆதரித்தனர். நவம்பர் 1-ல் ஆட்சி கைமாறியது. 1739-லிருந்து எண்ணினால் 215 ஆண்டுகள்! அத்தனை காலத்துக்குப் பிறகுதான், இந்த மண் யாருடையது என்ற வினா, இம்மண்ணின் மக்கள் அனுப்பியவர்களிடம் கேட்கப்பட்டது. முன்பு நடந்த ஒவ்வொரு கைமாற்றத்திலும் பேசியவை வாளும் கடனும்தான்.

தோழர்களே! இந்தக் காரைக்கால் பகுதியில்தான் திருநள்ளாறு இருக்கிறது. சனி பெயர்ந்தால் துன்பம் பெயரும் என்று நம்பி இலட்சக்கணக்கானோர் அங்கே திரள்கிறார்கள். அங்கே போகிறவர்களிடம் இந்த வரலாற்றை எடுத்துச் சொல்லுங்கள். இம்மண்ணைப் பிறர் கைக்குக் கொடுத்தது எந்தக் கோள்? 81 ஊர்களை எழுதிக் கொடுத்தது எந்த இராசி? வானத்தில் சுற்றும் சனிக்கு அதில் பங்கில்லை. பூமியில் சுற்றிய மன்னர்களும் தளபதிகளும் கம்பெனிகளும் நாளும் ஆண்டும் குறித்துக் கையெழுத்திட்டுச் செய்தார்கள். மனிதர் செய்ததை மனிதரே மாற்றலாம், மாற்றியும் இருக்கிறார்கள்.

அரியணைகள் போய்விட்டன. ஆனால் 'இன்னார் பிள்ளை என்பதாலேயே இவருக்கு உரிமை' என்னும் எண்ணம் போய்விட்டதா? அது எந்த உருவில் வந்தாலும், தஞ்சைக் கோட்டையின் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பிறப்பின் பெயரால் பேசிய சையத் கானை நினைவில் கொள்ளுங்கள். பிறப்புரிமையின் பேச்சு எங்கே எழுகிறதோ, அங்கே அதற்குப் பின்னால் நிற்கும் வாள் யாருடையது, அதற்கு விலையாகப் போகும் ஊர் எது என்று கேளுங்கள். அந்த வினாவைக் கேட்க ஆளில்லாத நாளில் காரைக்கால் போயிற்று. கேட்கும் மக்கள் உள்ள நாட்டில் இன்னொரு காரைக்கால் போகாது!